சேற்றோடு அனுப்பிய சிப்பிகள்

கோரைக்குளம் வற்றிக்கொண்டிருந்தது. மீன்கள் போய்விட்டன. கொக்குகளும் போய்விட்டன. மிச்சம் ஒரு கிழ நீர்நாயும் ஒரு நண்டும்தான். நீர்நாயின் பெயர் மடுவன். நண்டின் பெயர் கடுக்கன்.

நீர்நாய்க்கு நண்டு என்றால் உயிர். தின்பதற்கு! ஆனால் கடுக்கனை மட்டும் மடுவன் தின்றதில்லை. தின்னப் போன அன்று கடுக்கன் மூக்கைக் கவ்வியது. அன்று தொடங்கிய சிநேகம்.

பொட்டல் காட்டுக்கு அப்பால் ஆறு ஓடியது. நடந்து போனால் இரண்டும் வழியிலேயே கருவாடுதான். யானை ஒன்று முதுகில் ஏற்றிப் போகச் சம்மதித்தது.

"கூலி ஒரு கூடை விளாம்பழம். அமாவாசை காலையில் கிளம்புவேன். கூடை நிறையவில்லை என்றால் நீங்கள் இங்கேயே கிடக்க வேண்டியதுதான்!"

மடுவனிடம் பழம் இல்லை. சிப்பிகள் இருந்தன. குளம் கடல் போலத் தளும்பிய காலத்தில் முங்கி எடுத்தவை. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு மழைக்காலம் இருந்தது.

அப்போது காட்டுக்குள் இணைய ஏலம் வந்திருந்தது. சுற்றுலா வந்த யாரோ தவறவிட்ட செல்போன் நரியிடம் இருந்தது. பொருளைப் படம் பிடித்துப் போடும். மலைக்கு அப்பாலிருந்தும் விலை கேட்பார்கள். யார் அதிகப் பழம் தருகிறாரோ அவருக்குப் பொருள். கொண்டு கொடுத்துப் பழம் வாங்கி வருவது பருந்து. அதற்கு எடைக்குத் தக்க கூலி.

மடுவன் சிப்பிகளோடு போய் நின்றது.

"வாங்கண்ணே!" என்றது நரி. "வெறும் படம் போட ஒரு பழம். படத்தைச் சுற்றித் தங்கக் கரை போட இன்னும் ஒன்று. எல்லோர் கண்ணிலும் முதலில் பட இன்னும் இரண்டு. விற்றபின் கழித்துக்கொள்கிறேன். உங்கள் சிப்பி என்ன லேசுப்பட்டதா?"

"லேசுப்பட்டதில்லைதான்," என்றது மடுவன். மார்பு கொஞ்சம் நிமிர்ந்தது.

கடுக்கன் குறுக்கே வந்தது. "கரையும் வேண்டாம், பூச்சும் வேண்டாம். எல்லாவற்றையும் ஒரே கட்டாகப் போடு. ஒரு படம், ஒரு கட்டணம்!"

"கட்டா? இது என்ன கீரையா?" மடுவனுக்குக் கோபம் வந்துவிட்டது. "இது கரை உடைந்த வருஷம் எடுத்தது. இது அல்லி பூத்து மூடிய வருஷம் எடுத்தது. இரண்டையும் ஒன்றாகப் போடச் சொல்கிறாயே, உனக்கு நெஞ்சு இருக்கிறதா?"

"எனக்கு ஓடுதான் இருக்கிறது. போய்த் தொலை!"

மடுவன் தனித்தனியாகவே போட்டது. எல்லாவற்றுக்கும் தங்கக் கரை. ஏலம் நன்றாகவே நடந்தது. மயில் கேட்டது. மரநாய் அதற்கு மேல் கேட்டது. எல்லாச் சிப்பியும் விலை போயிற்று.

அனுப்பும்போதுதான் மடுவன் அடுத்த வேலையைச் செய்தது. சிப்பியைக் கழுவி, உலர்த்தி, இலையில் மடித்தால் தீர்ந்தது. செய்யவில்லை. குளத்துச் சேற்றை இரண்டு கை அள்ளி அப்பியது. அதன்மேல் பாசி சுற்றியது. அதற்கும் மேல் தாமரை இலை.

"என்னடா பண்ணுகிறாய்?"

"நம் குளம் எப்படி மணத்தது என்று வாங்குகிறவர்களுக்குத் தெரிய வேண்டாமா, கடுக்கா?"

"அவர்கள் கேட்டது சிப்பி. குளத்தை யார் கேட்டது?"

பருந்து ஒரு பொட்டலத்தைத் தூக்கிப் பார்த்தது. "அண்ணாச்சி, உள்ளே இருப்பது சிப்பியா, அம்மிக்கல்லா?" ஆனாலும் தூக்கிக்கொண்டு பறந்தது. கனம் கூடினால் அதற்கென்ன நஷ்டம்?

பழங்கள் வந்தன. நரி தன் பங்கை எடுத்தது. பருந்து தன் பங்கை எடுத்தது. மிச்சத்தைப் போட்டால் கூடையின் அடிகூட மறையவில்லை.

"நல்ல விலைக்குத்தானே போயிற்று?" என்று திகைத்தது மடுவன்.

"நல்ல விலைதான். பாதி கரைக்குப் போயிற்று. பாதி சேற்றுக்குப் போயிற்று!"

சிப்பியும் தீர்ந்தது. அமாவாசை நெருங்கியது. குளத்துத் தண்ணீர் கடுக்கனின் முதுகைக்கூட நனைக்கவில்லை.

மடுவன் வளைக்குள் போயிற்று. வெகுநேரம் கழித்து வெளியே வந்தது. கையில் ஒரு வெள்ளைக் கூழாங்கல். மடுவனும் அதன் மனைவியும் மல்லாந்து மிதந்தபடி ஒன்றுக்கொன்று தூக்கிப்போட்டுப் பிடித்த கல். மனைவி போய் எத்தனையோ கோடை ஆயிற்று.

இரண்டும் நரியிடம் போயின.

"அண்ணே, இதற்கு மட்டும் தங்கக் கரை போட்டால்..." என்று ஆரம்பித்தது நரி.

"போடாதே."

"முதலில் தெரிகிற மாதிரி..."

"வேண்டாம். காலை வெயிலில் ஒரு படம் எடு. நேரில் வந்து எடுத்துக்கொள்கிறவருக்கே கொடுப்பேன் என்று எழுது. அவ்வளவுதான்."

நரிக்குக் கிடைத்தது ஒரே ஒரு பழம். பருந்துக்கு அதுவும் இல்லை. பக்கத்துக் குன்றுக் கரடி ஏலத்தில் ஜெயித்தது. விளாம்பழ மூட்டையோடு நடந்தே வந்து சேர்ந்தது. கூடை நிறைந்தது.

கரடி கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. "அழகாக இருக்கிறதே என்று கேட்டுவிட்டேன். இதை வைத்து என்ன செய்வது?"

"மல்லாந்து படு. தூக்கிப் போடு. பிடி," என்றது மடுவன். "எதிரே இன்னொருவர் இருந்தால் நல்லது."

அமாவாசை காலையில் யானை கிளம்பியது. அதன் முதுகில் மடுவன். மடுவனின் தலையில் கடுக்கன். பொட்டல் வெளி நெருப்பாகக் கொதித்தது.

"கரையும் சேறும் இல்லாமல் இருந்திருந்தால், சிப்பியிலேயே கூடை நிறைந்திருக்கும். இல்லையா கடுக்கா?"

"நிறைந்திருக்கும்."

"கல் என்னிடமே இருந்திருக்கும்."

"இருந்திருக்கும். பேசாமல் வா. ஆற்றுக் காற்று வருகிறது பார்."

விற்கிற பொருளுக்குப் பாசத்தால் செலவைக் கூட்டுகிறவன், விற்கக் கூடாத பொருளை விற்றுத்தான் அந்தச் செலவை அடைப்பான்.