முட்டைக்குப் பக்கத்தில் ஒரு வீடு

கரடிக் குகையின் வாசல் கல் உருண்டது. "போ! தண்டனை முடிந்தது!" என்றது கரடி.

துடியன் என்ற கீரிக்குட்டி வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றது. காடையின் முட்டைகளைத் திருடியதற்காக ஒரு மழைக்காலம் முழுக்க உள்ளே கிடந்தது அது.

விடுதலையாகி வருபவருக்கு ஆளுக்கொரு புத்திமதி சொல்வது அந்தக் காட்டு வழக்கம். குளக்கரையில் கூட்டம் களைகட்டியது!

"உழைத்துச் சாப்பிடு!" என்றது மான்.

"கெட்ட சகவாசம் வேண்டாம்!" என்றது முயல்.

தலைமை தாங்கிய நாரை மட்டும் பதினோரு புத்திமதி சொன்னது.

"சரிங்க ஐயா. நான் எங்கே தங்குவது? என் வளையில் வேறு யாரோ குடியேறிட்டாங்களே!" என்றது துடியன்.

நாரை தொண்டையைக் கனைத்தது. "அதை அடுத்த கூட்டத்தில் பேசுவோம்!"

கூட்டம் கலைந்தது. புதரில் நரி காத்திருந்தது.

"வாடா தம்பி! என்னிடம் புத்திமதி கிடையாது. இடம் இருக்கு, கறி இருக்கு! முள்புதருக்குள் நுழைந்து முட்டை எடுத்துக் கொடு, போதும்!"

துடியனுக்கு நல்ல பசி. ஓர் அடி வைத்தது. இன்னோர் அடியும் வைத்தது.

"டேய், நில்லுடா!" பதறியடித்து ஓடி வந்தது காடை. முட்டையைப் பறிகொடுத்த அதே காடை! "என் கூட்டுக்குப் பக்கத்துப் புற்று காலியா கிடக்கு. அங்கே இரு. எலித் தொல்லை தாங்கலை. பிடித்தால் எலி உனக்கு, முட்டை எனக்கு!"

"உனக்கென்ன பைத்தியமா? திருடனுக்கு முட்டை பக்கத்திலேயே வீடா?" என்று அலறியது முயல்.

"நரியோடு போனால் இவன் யார் முட்டைக்கு வருவான்? என் முட்டைக்குத்தான்! நான் பாவம் பார்த்துச் சொல்லலை!"

"போடா, நாலு நாளில் மறுபடி குகைக்குத்தான் போவாய்!" என்று சிரித்தது நரி.

துடியன் நரியைப் பார்த்தது. காடையைப் பார்த்தது. "எலி எந்தப் பக்கமா வரும், அக்கா?" என்று கேட்டது.

அன்று மாலையே வந்தன, மூன்று கொழுத்த எலிகள்! புழுதி பறந்தது! இரண்டு மாட்டின, ஒன்று தப்பித்தோம் பிழைத்தோம் என்று ஓடியது! காடை கூட்டை எட்டிப் பார்த்தது. ஆறு முட்டையும் அப்படியே இருந்தன.

சில நாளில் முட்டைகள் பொரிந்து குஞ்சுகள் வந்தன. மூத்தது தத்தித் தத்திப் புற்றுப் பக்கம் போனது. காடை அதைத் திரும்பக் கூப்பிடவில்லை.

தண்டனை முடிந்து வரும் இளையவருக்கு முதலில் இருக்க இடமும் செய்ய வேலையும் கொடுங்கள். புத்திமதியைப் பிறகு சொல்லலாம்.