கேடயக் கெளுத்தியின் வளைகாப்பு

ஆறுகளுக்கு அணை என்றால் என்னவென்றே தெரியாத காலத்தில், பனிமலை அடிவாரத்தில் ஒரு நாடு இருந்தது. அந்த நாட்டில் ஓர் ஆறு. ஆற்றில் ஒரு மீன். பெரியவர்களும் கேளுங்கள், பிள்ளைகளும் கேளுங்கள், அந்த மீனின் கதைதான் இது.

ஸ்டர்ஜன் என்று ஒரு மீன் குலம் உண்டு. சிலது ஆளை விழுங்குகிற நீளத்துக்கு வளரும். நம் மீன் அந்தக் குலத்தில் குட்டை, கடலையே பார்க்காதது. வாயில் பல் கிடையாது. நாலு மீசையால் ஆற்றின் அடித்தரையைத் தடவித் தடவிப் புழு தின்னும். செதிலுக்குப் பதில் உடம்பில் ஐந்து வரிசை எலும்புக் கேடயம். அதனால் ஊரார் அதைக் கேடயக் கெளுத்தி என்றார்கள். பனி உருகி வெள்ளம் வந்தால் எதிர்த்து நீந்திப் போய்க் கூழாங்கல் துறையில் முட்டையிடும். எல்லா வருடமும் இடாது. குஞ்சு வளர்ந்து தாயாகப் பல வருடம் பிடிக்கும். அவசரமே தெரியாத சாதுப் பிராணி.

துறையில் குடியிருந்த மீனவர்களுக்கு ஒரு வழக்கம். வயிறு பருத்த கெளுத்தி வலையில் விழுந்தால், "பெத்துட்டு வா தாயி" என்று தண்ணீரில் விட்டுவிடுவார்கள். அவர்களில் ஒருத்தி ஆவுடை. அவள் புருஷன் கொம்பையா. அவளுக்கு அப்போது நிறைசூல். வளைகாப்பு முடிந்து இரண்டு கை நிறையக் கண்ணாடி வளையல்.

அந்த நாட்டு ராஜாவைச் சொல்ல வேண்டும். ராணியும் பிள்ளையும் பிரசவத்தில் ஒரே நாளில் போய்விட்டார்கள். அன்றைக்கு அவன் நெஞ்சில் விழுந்த பள்ளம், எதைக் கொட்டியும் நிரம்பவில்லை. பாயசம் கொடுத்தால், "இன்னும்!" பட்டு கொடுத்தால், "இன்னும்!" கெளுத்தியின் கறுப்பு முட்டையைக் கொடுத்தால், "இன்னும், இன்னும்!" கடைசியில் ஆறு போதாது, ஏரி வேண்டும் என்றான். வக்கிரகேது என்ற மந்திரவாதி, "ஒரே சுவரில் முடித்துத் தருகிறேன்" என்று கிளம்பினான். துறைக்குச் சற்றுக் கீழே சுவர் எழும்பினால் துறை ஏரிக்குள் முழுகிவிடும்.

ஆவுடை கூழாங்கல்லில் உட்கார்ந்துகொண்டாள்.

"எழுந்திரு" என்றான் மந்திரவாதி.

"இது மீனு பிள்ளை பெறுற இடம் சாமி. நானும் பிள்ளைத்தாச்சி. விட்டுருங்க."

"எழுந்திரு!"

அவள் எழுந்திருக்கவில்லை. மூன்றாம் முறை அவன் சொல்லவுமில்லை.

"மீன் மேல அவ்வளவு பாசமா? அப்போ மீனாவே போ!"

வளையல்கள் நொறுங்கின. நொறுங்கியவை அவள் உடம்பில் வரிசை வரிசையாய் எலும்புக் கேடயங்களாக ஒட்டிக்கொண்டன. ஒன்று மட்டும் நிறம் மாறாமல் பச்சையாகவே நின்றது.

"இந்தக் கல்லில முட்டையிட்டாத்தான் உனக்கு மனுஷ உடம்பு. கல்லைத்தான் நான் முழுகடிக்கப் போறேனே!"

கொம்பையா ஓடிவந்து அவன் காலில் விழுந்தான். "சாமி, சுவரு எப்ப இடியும்?"

"உங்க ராஜா வாயில 'போதும்'னு ஒரு வார்த்தை வரட்டும். அன்னிக்கு இடியும்." விழுந்து விழுந்து சிரித்தான் அந்தப் பாவி.

சுவர் எழுந்தது. கீழே ஒதுங்கிப் போன ஆவுடை, பனி உருகியதும் மற்றக் கெளுத்திகளோடு ஏறிவந்தாள். சுவரில் மூக்கை முட்டினாள். முட்டி முட்டித் திரும்பினாள். வயிற்றிலிருந்த முட்டைகள் வயிற்றிலேயே கரைந்தன. சில வருடம் கழித்து மறுபடி சூல் கொண்டு வந்தாள், மறுபடி முட்டினாள். சுவரடியில் கூட்டமாய்த் தவித்த தாய்களை ராஜாவின் ஆட்கள் கூடை கூடையாய் அள்ளினார்கள். மூன்றாம் முறை அவள் வந்தபோது சூல்மீன் வேறொன்றும் இல்லை.

கொம்பையா பச்சைக் கேடயத்தைப் பார்த்தான். மனசு கேட்கவில்லை. அவளைப் பானையில் ஏந்திச் சுவரேறி, ஏரியில் விட்டான். "வீட்டுக்கு வந்துட்டே ஆவுடை, போ" என்றான்.

பாசம் கண்ணை மறைத்துவிட்டது. ஓடுகிற தண்ணீர் மூக்கில் மோதினால்தான் கெளுத்திக்கு வழி தெரியும். தேங்கின தண்ணீரில் திசை ஏது? கூழாங்கல்லெல்லாம் சேற்றுக்கு அடியில். சுற்றிச் சுற்றி வந்தவளை ராஜாவின் படகு வலை அள்ளிக்கொண்டு போயிற்று.

கொம்பையா அரண்மனைக்கு ஓடினான். சமையற்கட்டில் தங்கக் கரண்டியோடு ராஜா காத்திருந்தான்.

"மகாராஜா, இதுதான் கடைசி" என்றான் சமையல்காரன்.

"அறு. இன்னும் தேடு."

"மகாராஜா, அது என் பெண்டாட்டி!" என்று கொம்பையா அலறினான். எல்லோரும் சிரித்தார்கள்.

கத்தி வயிற்றைத் தொட்டது. மீனுக்குக் குரல் கிடையாது என்பார்கள். ஆனால் அந்தப் பல்லில்லாத வாயிலிருந்து, "அம்மா!" என்று ஒரு பிரசவக் கதறல் வந்தது. அந்தக் கதறலை ராஜா முன்பு ஒருமுறை, மூடிய கதவுக்கு வெளியே நின்று கேட்டிருந்தான்.

கரண்டி கீழே விழுந்தது.

"போதும்" என்றான். பிறகு குழந்தை மாதிரி அழுதுகொண்டு, "போதும், போதும்!" என்றான்.

சுவர் இடிந்தது. அதன்மேல் நின்ற மந்திரவாதியை வெள்ளம் சேற்றோடு சேறாய் அடித்துக்கொண்டு போயிற்று. ராஜாவும் கொம்பையாவும் ஆவுடையை ஓர் அண்டாத் தண்ணீரில் விட்டு, ஆளுக்கொரு பக்கம் தூக்கிக்கொண்டு துறைக்கு ஓடினார்கள். வெள்ளம் சேற்றைக் கழுவிவிட, கூழாங்கல் பளிச்சென்று தெரிந்தது. ஆவுடை முட்டையிட்டாள். முட்டைகள் கல்லோடு ஒட்டிக்கொண்டன. கீழே எஞ்சியிருந்த ஆண் கெளுத்திகளும் ஏறிவந்தன.

வளையல் சத்தம் கேட்டது. இடுப்பளவுத் தண்ணீரில் ஆவுடை பெண்ணாய் எழுந்து நின்றாள். வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள்.

"ஏங்க, எம்புள்ள எங்க?"

கொம்பையா முட்டைகள் ஒட்டியிருந்த கல்லைக் காட்டினான்.

சில நாளில் குஞ்சுகள் பொரிந்து ஆற்றோடு போயின. அவள் கரையோரமாகவே கொஞ்ச தூரம் கூட நடந்தாள். அப்புறம் உட்கார்ந்து அழுதாள். ராஜா வலைகளைக் கொளுத்தினான், துறையை அவர்களுக்கே எழுதி வைத்தான். ஆனால் தொட்டிலில் போட ஒன்றுமில்லை.

பனி உருகும்போதெல்லாம் துறையில் போய் நின்றாள். ஒன்றும் வரவில்லை. அடுத்த வருடமும் வரவில்லை. "இந்தப் புள்ளைங்களுக்கு அவசரம் தெரியாது" என்று புருஷனுக்கு அவளே ஆறுதல் சொன்னாள். தலை நரைக்கத் தொடங்கியது.

ஒரு வெள்ளத்தில் வயிறு பருத்த கெளுத்தி ஒன்று ஏறிவந்து, அவள் காலை நாலு மீசையாலும் தடவிப் பார்த்தது. முதுகில் ஒரு கேடயம் பச்சை.

ஆவுடை தன் கை வளையல்களைக் கழற்றி, ஒவ்வொன்றாகத் தண்ணீரில் விட்டாள்.

"பெத்துட்டு வா தாயி" என்றாள்.