மரநாய் தின்ன கொய்யா

அந்தக் கொய்யாவக் கீழ போடுங்க மாப்ள. வௌவால் பாதிதானே கடிச்சிருக்கு, மீதி நல்லாத்தானே இருக்குன்னு கேக்குறீங்க. மரநாயும் இதையேதான் கேட்டுச்சு.

மிருகமெல்லாம் பேசிக்கிட்டிருந்த காலம் அது. அப்ப நோய்க்குத் தங்க வீடு கிடையாது. மழையில நனைஞ்சுக்கிட்டு ஒவ்வொரு வாசல்லயா போய் நின்னுச்சு. யானை இடமில்லன்னுச்சு, அவ்வளவு பெரிய உடம்ப வெச்சுக்கிட்டு. ஆமை தலைய உள்ள இழுத்துக்கிச்சு. வௌவால் ஒருத்திதான், “நாங்களே ஒரு ஆலமரத்துல நெருக்கியடிச்சுத் தொங்குறோம். நீயும் எனக்குள்ள இருந்துக்க. ஆட்டம் மட்டும் போடாத”ன்னா.

“போட மாட்டேன். ஆனா உன் எச்சிலோட வெளிய போயிட்டா என்னக் கேக்காத”ன்னுச்சு நோய். அவ பறக்குற சூட்டுல அதுக்குத் தூக்கமும் வந்துருச்சு.

வௌவாலுக்குச் சிநேகிதி மரநாய். வயித்துல குட்டி. கிளை நுனிப் பழம் அவளுக்கு எட்டாது. வௌவால்தான் பழத்துல இலையச் சுத்தி, நம்ம பிள்ளைக துணியச் சுத்திக் காக்காக் கடி கடிக்குமே, அப்படிக் கடிச்சு, எச்சில் படாம ஆளுக்குப் பாதியாக்குவா.

அப்பதான் மனுசன் அந்த ஆலமரத்த வெட்டுனான். கட்டில் செய்யவாம். ஆலமரத்துல எவன் கட்டில் செஞ்சான்? கூட்டமே பசியோட அலைஞ்சு ஒரு கொய்யா மரத்துல வந்து விழுந்துச்சு. வௌவால் உடம்பு நடுங்குன நடுக்கத்துல நோய் முழிச்சிருச்சு.

“அக்கா, வயிறு காயுதுக்கா. சீக்கிரம் போடு”ன்னா கீழ நின்ன மரநாய். அவசரத்துல இலையச் சுத்தாம கடிச்சுட்டா வௌவால். பழம் கீழ விழுந்த பிறகுதான் இலை ஞாபகம் வந்துச்சு.

“தின்னாதடி, எச்சில்.”

“மீதி நல்லாத்தானே இருக்கு? நமக்குள்ள என்னக்கா எச்சிலு?”

தின்னுட்டா. காய்ச்சல் கண்டு, குட்டியோட போய்ச் சேந்துட்டா.

வௌவால் நோயப் புடிச்சு ஏசுனா. “நானா போகல, நீதான் குடுத்த”ன்னுச்சு அது. வெளிய போன்னு விரட்டலாம். விரட்டுனா அடுத்து யார் வீட்டுக்குப் போகும்? அத நெனச்சு உள்ளயே வெச்சுக்கிட்டா.

அன்னையிலேருந்துதான் வௌவால் நோயத் தனக்குள்ளயே சுமந்துக்கிட்டு, மத்த மிருகங்கள விட்டு ஒதுங்கித் தொங்குது. நாம மரத்த வெட்டி அதப் பசியில அலைய விட்டா, அதோட எச்சில் வழியா நோய் அடுத்தவங்களுக்கு எறங்குது. அதுமேல கோவப்பட்டு என்ன...

“செல்லையாண்ணே, லோடு வண்டி வந்திருச்சு.”

இந்தா வர்றேன். மாப்ள, நீங்க கையக் கழுவுங்க.