முடி உதிராத நாய்

ஒரே ஒரு நாய்க்குட்டி. அதைச் சரியாகத் தேர்ந்தெடுத்தது நான்தான் என்று சொல்லிக்கொள்ள மூன்று பேருக்கு இடமிருக்கிறது. யார் பேச்சு செல்லும் என்று கடைசியில் உங்களைத்தான் கேட்கப்போகிறேன். ஆகவே குட்டியைப் பார்த்து மயங்கிவிடாமல் மனிதர்களைக் கவனித்துக்கொண்டு வாருங்கள்.

கோயம்புத்தூர் வடவள்ளியில் குழந்தைவேலு என்று ஒருவர். நூற்பாலையில் முப்பத்திரண்டு வருஷம் நூலின் தரம் பார்த்தவர். எப்பேர்ப்பட்ட சிக்கையும் கத்தரியைத் தொடாமல் விரலாலேயே பிரித்துவிடுவார் என்று மில்லில் பேர். அவர் ஓய்வுபெற்ற மறுவருஷமே மனைவி தெய்வானைக்குக் கைநடுக்கம் வந்து, ஒரு டம்ளரைக்கூடத் தூக்க முடியாமல் போயிற்று. மகன் மௌலி பெங்களூரில், மகள் சுகந்தி மஸ்கட்டில். இருவரும் சேர்ந்து ஒரு நர்ஸம்மாவை ஏற்பாடு செய்தார்கள். அந்த அம்மாள் காலை ஒன்பது மணிக்கு வந்து சாயங்காலம் ஐந்து மணிக்குப் போய்விடுவார். பிள்ளைகள் வீடியோவில் அழைப்பது காலை எட்டு மணிக்கு.

"அம்மாவுக்கு எவ்வளவு அழகா சடை போட்டிருக்காங்க! நர்ஸம்மா கெட்டிக்காரிதான்" என்று சுகந்தி சொல்லாத நாளில்லை. குழந்தைவேலு சிரித்துக்கொள்வார்.

இரண்டரை வருஷம் அப்படியே ஓடி, ஓர் ஆவணி மாதத்தில் தெய்வானை போய்விட்டாள். அதன்பின் அந்த வீட்டில் பேச்சுச் சத்தம் என்றால் எட்டு மணி போன்தான். தினமும் வந்தது வாரம் இரண்டாகி, பிறகு ஞாயிறு மட்டும் என்றாயிற்று. பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது, அவரவர் பாடு அவரவருக்கு. ஆனால் காலை ஏழு மணியானால் மனிதருக்குக் கை பரபரக்கும். கண்ணாடி முன்னால் போய் நிற்பார். தெய்வானையின் மரச்சீப்பு வைத்தது வைத்தபடி இருக்கும். அதைத் தொடமாட்டார். செய்தித்தாளை விரித்து வைத்துக்கொண்டு படிக்காமல் உட்கார்ந்திருப்பார். நாளிலேயே அவருக்கு நீளமான நேரம் அதுதான். அவ்வளவு தனிமையை யாரிடம் போய்ச் சொல்வது?

தலைத்திவசத்துக்கு வந்த பிள்ளைகள் அப்பா பாதியாக இளைத்திருப்பதைக் கண்டு பதறினார்கள். துணைக்கு ஒரு நாய் வாங்கித் தருவது என்று முடிவாயிற்று. மௌலியின் மகள் தன்யாவுக்கு நாய்முடி பட்டால் மூச்சு இரைக்கும்.

"முடி கொட்டாத நாயா இருந்தா, மாசம் ஒருக்கா தன்யாவைக் கூட்டிட்டு வந்துருவேன்ப்பா" என்றான் மௌலி. அந்த 'மாசம் ஒருக்கா'வை அவர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

போத்தனூரில் நாய் வளர்க்கும் டாப்னி என்ற அம்மாளிடம் போனார்கள். தாய் லாப்ரடார், தகப்பன் பூடில். குட்டிகளில் இரண்டுதான் மீதி. ஒன்றுக்குச் சுருட்டை முடி, மற்றதற்கு நீட்டு முடி.

"ரெண்டும் ஒரே வயித்துப் பிள்ளைங்கதான் சார்" என்றார் டாப்னி. "சுருட்டைக்கு முடி கீழ அவ்வளவா விழாது. உதிர்றது உள்ளயே தங்கிச் சிக்காயிரும். தெனமும் சீவணும், விட்டா தோலே புண்ணாயிரும். நீட்டு முடி வீடெல்லாம் கொட்டும், ஆனா பெருசா வேலை வைக்காது. எதுலயும் பாப்பாவுக்கு இரைக்காதுன்னு நான் சத்தியம் பண்ணமாட்டேன்."

"சுருட்டைதான் வேணும்" என்றான் மௌலி.

"அறுபத்திமூணு வயசுல அப்பா நாய்க்குத் தலை சீவிட்டு உக்காந்திருக்கணுமாண்ணா? அம்மாவோட அவர் பட்ட பாடு போதாதா? இனியாவது அக்கடான்னு இருக்கட்டும்" என்றாள் சுகந்தி. அவள் கை நீட்டு முடிக் குட்டியைக் காட்டியது.

இருவருக்கும் வாக்குவாதம் வலுத்தது. டாப்னி குழந்தைவேலுவின் பக்கம் திரும்பினார்.

"சார், காலைல உங்களுக்கு என்ன வேலை?"

"இப்ப ஒண்ணுமில்லீங்க. முந்தி ஏழு மணிக்கு ஒரு வேலை இருந்துச்சுங்க."

என்ன வேலை என்று டாப்னி கேட்கவில்லை. சுருட்டைக் குட்டியைத் தூக்கி அவர் மடியில் வைத்தார். அதன் காதுக்குப் பின்னால் சிறிதாக ஒரு சிக்கு. அண்ணனும் தங்கையும் பேசி ஓய்வதற்குள் அவர் விரல்கள் அதைப் பிரித்துவிட்டிருந்தன.

"இதே இருக்கட்டும்" என்றார்.

குட்டிக்குப் பஞ்சு என்று பெயர் வைத்தார். தன் பேச்சு ஜெயித்ததில் மௌலிக்கு ஏகப் பெருமை. முதல் மாதம் அவனுக்கு ஆபீஸில் லீவு கிடைக்கவில்லை. அடுத்த மாதம் தன்யாவுக்கு நடன வகுப்பு. பொங்கலுக்கு எடுத்த டிக்கெட்டும் ரத்தாயிற்று. அன்றைக்கு அவர் கரும்பை வாங்கி வாசலில் சாத்தி வைத்துவிட்டு, தெருமுனையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் சுகந்தி ஆதங்கப்பட்டாள். "பாத்தீங்களாப்பா? அவங்களும் வரல, உங்களுக்கு வேலைதான் மிச்சம். நான் சொன்ன குட்டியையே வாங்கியிருக்கலாம்."

"பரவால்ல கண்ணு" என்றார் அவர். அவருக்குப் பின்னால் கண்ணாடி தெரிந்தது. அதன் முன்னால் மரச்சீப்பைக் காணோம்.

இனி உங்கள் முறை. மகன் சொன்ன குட்டிதான் வீட்டுக்கு வந்தது. மகள் அப்பாவின் உடம்புக்காகப் பேசினாள். டாப்னியோ இதை வாங்கு, அதை வாங்கு என்று சொல்லவே இல்லை. இந்த மூவரில் குழந்தைவேலுவுக்கு உரிய நாயைத் தேர்ந்தெடுத்தது யார்?

விடை: டாப்னிதான். மகன் வருஷத்தில் நாலு நாள் வந்து போகிறவர்களுக்காகத் தேர்ந்தெடுத்தான். மகள் ஓய்வு கொடுக்கப் பார்த்தாள், அவரைக் கொன்றுகொண்டிருந்ததே அந்த ஓய்வுதான். காலை ஒன்பது மணிக்கு வரும் நர்ஸம்மா எட்டு மணிக்கு எப்படிச் சடை போட்டிருக்க முடியும்? இரண்டரை வருஷமாக அந்தக் கேள்வி பிள்ளைகள் இருவருக்கும் தோன்றவில்லை. ஏழு மணி வேலை எதுவென்று டாப்னிக்குத் தெரியாது, ஆனால் அது இல்லாமல் அந்தக் கைகள் தவிக்கின்றன என்பது தெரிந்துவிட்டது. இப்போதெல்லாம் காலை ஏழு மணிக்கு அவர் மரச்சீப்பை எடுத்தால் போதும், பஞ்சு வந்து அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தெய்வானை உட்கார்ந்த அதே இடத்தில் உட்கார்ந்துகொள்கிறது.