கிரிஜா அனுப்பிய பொய்க் கோலம்

"நான் விளையாட்டுக்குத்தானே போட்டேன்? யார் கையையாவது பிடிச்சு இழுத்து, வரைஞ்சே தீரணும்னு சொன்னேனா?"

போன ஞாயிற்றுக்கிழமை வாட்ஸ்அப் குழுவில் சண்டை முற்றியபோது, கிரிஜா இதையே மூன்று முறை எழுதினாள். எழுதட்டும். நடந்ததை நான் சொல்கிறேன்.

எங்களுடையது சிக்குக் கோலம் போடுகிற பெண்களின் குழு. ஒருத்தி புதுக் கோலம் அனுப்பினால், மற்றவர்கள் மறுநாள் காலை அதை வாசலில் போட்டுப் பார்த்துவிட்டு, "போட்டாச்சு" என்று எழுத வேண்டும். அதுதான் வழக்கம். ஆனால் "போட்டாச்சு, சூப்பர்" என்று எழுத மாவு எதற்கு? குனியத்தான் எதற்கு? கட்டிலில் படுத்தபடியே எழுதிவிடலாம். எழுதினார்கள்.

இந்தப் பொய்யைப் பிடிக்கத்தான் கிரிஜா திட்டம் போட்டாள். கம்ப்யூட்டரில் இரண்டு கோலங்களை வெட்டி ஒட்டி, "எங்க மாமியார் ஊர்க் கோலம். ஒரே இழை, கையெடுக்காம போடலாம்" என்று அனுப்பினாள். உண்மையில் அதில் இருந்தது இரண்டு இழை. எங்கே தொடங்கினாலும் பாதிக் கோலத்திலேயே தொடங்கிய இடத்துக்கு வந்து நின்றுவிடும். வரைந்து பார்ப்பவளுக்குத்தான் அது தெரியும். ஞாயிறன்று குட்டை உடைப்பதாக எண்ணம்.

"போட்டாச்சு" மழையாகக் கொட்டியது. நிஜமாகவே போட்டுப் பார்த்தவர்கள் இரண்டே பேர்.

ஒருத்தி சுகந்தி. போன வருஷம் லேசாகப் பக்கவாதம் வந்து வலது கை இழுத்துக்கொண்டது. இழை பிசகாமல் போய்ச் சேர்ந்தால் கையில் பழைய பலம் திரும்பிவிட்டது என்று அவளாகவே நினைத்துக்கொண்டு, தினமும் விடாமல் போட்டுவந்தாள். அன்று குழுவில் கேட்டாள்: "கிரிஜாக்கா, எனக்கு மட்டும் சேரவே மாட்டேங்குது. எங்க திருப்பணும்?"

கிரிஜா ஒரு சிரிப்புப் பொம்மையை அனுப்பினாள். அவ்வளவுதான்.

இன்னொருத்தி மைதிலி, கைதேர்ந்தவள். இரண்டு இழை என்பதைக் கண்டுபிடித்து, அவை குறுக்கே வெட்டிக்கொள்ளும் ஓர் இடத்தில் மட்டும் வெட்டாமல் வளைத்துவிட்டாள். இரண்டும் ஒன்றாகிவிட்டன. மாற்றியதைப் பற்றி மூச்சு விடாமல், "எனக்குச் சேர்ந்துடுச்சே!" என்று படம் போட்டாள். குழுவே கைதட்டியது.

அதைப் பார்த்த சுகந்தி, மாவுக் கிண்ணத்தைத் தூக்கிப் பரணில் வைத்துவிட்டாள். இப்போது அவள் வாசலில் இருப்பது மருமகள் ஒட்டிய ஸ்டிக்கர் கோலம்.

ஞாயிறன்று கிரிஜா, அது இரண்டு இழைக் கோலம் என்று குட்டை உடைக்க, குழுவில் சண்டை வெடித்தது. அது ஓய்ந்ததும் அவள் சுகந்தி வீட்டுக்கே போனாள்.

"உன் கையில ஒண்ணும் தப்பில்ல. கோலமே பொய்."

"ஆறுதலுக்குச் சொல்றீங்கக்கா. மைதிலிக்குச் சேர்ந்துதே!"

"அவ ஒரு இடத்துல மாத்தியிருக்கா, பாரு."

"எனக்கு ரெண்டு படமும் ஒண்ணாத்தான் தெரியுது. அன்னிக்கு மாமியார் ஊர்னீங்க, இன்னிக்கு இப்படிச் சொல்றீங்க. எதை நம்பறது?"

மைதிலியிடம் நான் போனில் கேட்டேன். "தப்பான கோலத்தைச் சரிதானே பண்ணினேன்? இது ஒரு குத்தமா?" என்று வைத்துவிட்டாள்.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். சுகந்தியின் கை நின்றுபோனதற்கு யார் பொறுப்பு? பொய்க் கோலம் அனுப்பிய கிரிஜாவா, போடாமலே "போட்டாச்சு" என்றவர்களா, திருத்திவிட்டு வாயை மூடிக்கொண்ட மைதிலியா?

என் பதில் இது. "போட்டாச்சு" கூட்டத்தின் பொய் சோம்பேறிப் பொய். அவர்களிடம் யாரும் வழி கேட்கவில்லை. கிரிஜாவிடம் கேட்டாள் ஒருத்தி. கேட்டவளைப் பார்த்துச் சிரித்த நிமிஷமே விளையாட்டு ஏமாற்றாகிவிட்டது. ஆனால் அவள் ஒப்புக்கொண்டுவிட்டாள். இனி அவள் பேச்சு சுகந்தியிடம் எடுபடாது. எடுபடும் பேச்சு மைதிலியிடம் மட்டுமே இருக்கிறது. ஆகவே ஞாயிறு வரை குற்றம் கிரிஜாவுடையது. அதற்குப் பிறகு மைதிலியுடையது.

நேற்றுக் காலை கிரிஜா குழுவில் ஒன்று எழுதினாள். மைதிலி உட்பட எல்லாரும் படித்துவிட்டதாகக் குறி காட்டுகிறது.

"மைதிலி, எந்த இடத்துல மாத்தினேன்னு நீயே சுகந்திகிட்ட ஒரு வார்த்தை சொல்லிடும்மா."