அட்சதை வீசிய கை

இருபத்திரண்டு வருடம் ஆரணியில் கல்யாண வீடியோ எடுத்தவர் சிகாமணி. படத்தொகுப்பைச் சரியாகக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று ரெஜினாவிடம் வந்து சேர்ந்தபோது அவருக்கு வயது ஐம்பத்து நான்கு. குருவுக்கு முப்பத்தொன்று.

கொண்டுவந்தது ஒரே ஒரு கல்யாணம், அவர் மகளுடையது. ஒரு கேமரா மணமக்களைப் பார்த்திருந்தது. மற்றொன்று எதிரே நின்ற சொந்தக்காரர்களை. அவர்கள் நடுவில் அவர் மனைவி செண்பகவல்லி அட்சதை தூவுகிறாள். இரண்டு மாதம் கழித்து அவள் இறந்துபோனாள். மகள் வெள்ளிக்கிழமை மஸ்கட் புறப்படுகிறாள். போகும்போது படம் கையில் வேண்டும் என்றிருந்தாள்.

மூன்று நாளாக அந்த ஓரிடத்தைத் தாண்ட முடியவில்லை. மனைவி அட்சதை வீசுவாள், கையை இறக்குவாள், சட்டென்று மகள் முகம் வரும். ஒவ்வொரு முறையும் யாரோ செண்பகவல்லியைப் பிடுங்கிக்கொண்டு போனது போல் இருந்தது.

"இங்க மட்டும் ஏன் மேடம் துள்ளுது?"

ரெஜினா ஓட்டிப் பார்த்தாள். "கையை இறக்கி, முந்தானையைச் சரி பண்ற வரைக்கும் காத்திருக்கீங்களேண்ணே. இன்னும் கொஞ்சம் விட்டா பந்திக்கே போயிடுவாங்க."

கை பாதியில் இருக்கும்போதே காட்சியை வெட்டினால் கல்யாண வீட்டில் அபசகுனம் என்பார்கள், அதுவே பழகிவிட்டது என்றார் சிகாமணி.

ரெஜினா மேசையில் கிடந்த ஸ்கூட்டர் சாவியை எடுத்து, "பிடிங்க" என்று வீசினாள். பிடித்துவிட்டார்.

"என் இடது கை என்ன பண்ணுச்சு?"

நிமிர்ந்து பார்த்தார். அவளுக்குப் பின்னால் திரை அணைந்திருந்தது.

"நான் சாவியைத்தான் பார்த்தேன்."

"ஆமா."

திரையை மறுபடி போட்டாள். கை இறங்கும் பகுதியை நறுக்கிவிட்டு நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினாள்.

செண்பகவல்லியின் கை எழுந்தது, முன்னால் வீசியது. மகளின் உச்சியில் மஞ்சள் அரிசி பொலபொலவென்று உதிர்ந்தது.

வெட்டு எங்கே? மறுபடி ஓட்டினார். கண்ணை அவள் கையிலேயே வைத்துக்கொண்டு இன்னொரு முறை. அரிசியோடு கண் போய்விட்டது.



"அவ போனதே தெரியலையே மேடம். கையை எப்ப இறக்கினா?"

ரெஜினா திரையைப் பார்த்தபடியே சொன்னாள்.

"இன்னும் இறக்கலைண்ணே."