மேடேறிய தண்ணீர்

கரட்டுப்பட்டியில் வெள்ளத்தாய் என்று ஒரு சித்தாள் இருந்தாள். கோடையில் அவள் தெருக் கிணறு வற்றிப்போக, தெருவே திரண்டு பண்ணையார் துரைச்சிங்கத்தின் தோட்டத்துக்குப் போய், அவருடைய ஊற்றிலிருந்து தண்ணீர் கேட்டது.

பண்ணையார் மீசையைத் தடவிக்கொண்டு ரோட்டைக் காட்டினார். தோட்டத்து வாசலிலிருந்து அவர்கள் தெரு வரைக்கும் அது மேடாக ஏறிப் போனது.

"தண்ணி தானா மேடேறி வந்தா எடுத்துக்குங்க. நான் தடுக்கமாட்டேன்!" என்று சிரித்தார்.

எல்லோரும் தலையைத் தொங்கப்போட்டார்கள். வெள்ளத்தாய்க்கு மட்டும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"இத்தனை பேர் முன்னாடி சொன்ன பேச்சு மாறாதே ஐயா?"

"துரைச்சிங்கம் பேச்சு மாறமாட்டான்!"

அவள் ஊற்றில் ஒரு குடம் தண்ணீர் மொண்டு வந்து வாசலில் சாய்த்தாள். தண்ணீர் நெளிந்து நெளிந்து மேட்டில் ஏறத் தொடங்கியது. "ஏறுதுடோய்!" என்று கூட்டம் பின்னாலேயே ஓடியது. பண்ணையாரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார்.

"என்ன மந்திரம் புள்ள இது?"

"மந்திரமில்ல ஐயா. போன வருசம் இந்த ரோட்டோரம் சுவர் கட்டினப்ப நான்தான் மட்டம் பார்க்குற குழாயைப் பிடிச்சேன். இது பள்ளம்தான். ரெண்டு பக்கமும் மலை சாய்ஞ்சு நிக்குறதால கண்ணுக்கு மேடாத் தெரியுது."

மறுவாரமே வாய்க்கால் வெட்டினார்கள். பண்ணையார் முகம்கூடச் சுளிக்கவில்லை. அதற்கு அவருக்கு ஏது நேரம்? நடுரோட்டில் குந்தி, எலுமிச்சம்பழங்களை ஒவ்வொன்றாக மேட்டில் உருட்டிவிட்டு, போகிறவர் வருகிறவரையெல்லாம் நிறுத்தி, "பாருங்க, பாருங்க!" என்று கைதட்டிக்கொண்டிருந்தார்.